கடைசிக் கூடை

கோலாலம்பூர்
12.7.1983

அன்புள்ள அக்கா ருக்குமணிக்கு,

தம்பி நாகப்பன் எழுதுகிறேன். சனிக்கிழமை பகலில் ஹாஸ்டல் வந்து சேர்ந்தேன். தாப்பா மலை இறக்கத்தில் பஸ்ஸில் வழக்கம்போல இரண்டு தடவை வாந்தி. இப்போது சுகம். உன் இருமலும் அப்பாவின் கால் வலியும் எந்த அளவில் இருக்கின்றன என்று எழுது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது இனி வருவதை விட்டுவிடு. லீவில் மூன்று வாரம் வீட்டில் இருந்தும் சொல்ல வாய் வரவில்லை. போன வருஷம் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன் என்றது பொய். ஒரு பாடம் போய்விட்டது. கம்ப்யூட்டருக்குள் விவரங்களை எப்படி அடுக்கி வைப்பது, எப்படித் திரும்ப எடுப்பது என்கிற பாடம். அதை மறுபடி எடுத்திருக்கிறேன். இந்தத் தடவையும் போனால் உபகாரச் சம்பளத்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வகுப்பு மலாயில். புத்தகம் ஆங்கிலத்தில். நான் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டதும் கண்ணைக் கட்டிவிட்டது. என் அறைத் தோழன் ராதாகிருஷ்ணன், ஈப்போ பையன், சொன்னான்: "மனப்பாடம் பண்ணாதடா. ஒண்ணும் தெரியாத ஆளுக்கு எடுத்துச் சொல்லிப் பாரு. எங்க வாய் நிக்குதோ அங்கதான் ஒனக்குப் புரியலலா."

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அம்மா இறந்தபோது நீ ஃபாரம் திரீயோடு நின்றுவிட்டாய். ஆனால் கணக்கில் உன்னை மிஞ்ச அன்றைக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு பாடமாகத் தமிழில் எழுதுகிறேன். நீ கேள்வி கேள். எவ்வளவு கேட்கிறாயோ அவ்வளவு நல்லது.

முதல் பாடம், அடுக்கு. தட்டின் மேல் தட்டு வைப்பதுபோல. கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும்.

உன் தம்பி,
நாகப்பன்

நாலாம் டிவிஷன்
24.7.1983

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவின் கால் மழைக்கு வீங்குகிறது, வெயிலுக்கு வற்றுகிறது. என் இருமல் என்னோடுதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைக் கிரகரி கிராணி காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது தூக்கிக் காட்டி, "யுனிவர்சிட்டி லெட்டர்! யாருக்கும்மா?" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாக வாங்கிக்கொண்டு போய், பொய் சொன்னவன் கடிதம் என்று தெரிந்ததும் வயிறு எரிந்தது. எருமை, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? அப்பாவுக்கு எழுத்துத் தெரியாதது உனக்கு நல்லதாகப் போயிற்று. அந்த இடத்தைத் தாண்டிப் படித்துவிட்டேன்.

அடுக்கு புரிந்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லோரியை நினைத்துக்கொண்டேன். முதலில் ஏற்றின சாக்கு அடியில் போய்விடும். ஃபேக்டரியில் அதைக் கடைசியில்தான் இறக்குவார்கள். அதற்குள் இலை சூடேறிவிடும். புது லோரிக்காரர் காளியண்ணனிடம், கம்போங் ராஜா ஊர்க்காரர், சண்டைக்குப் போனேன். "மேல உள்ளத எறக்காம அடில உள்ளத உருவ நான் என்ன மந்திரவாதியா?" என்று சிரிக்கிறார்.

என் கேள்வி இது. அடியில் உள்ளது கெட்டுப் போகும் என்று தெரிந்தும் எதற்கு அப்படி அடுக்குகிறார்கள்? அடுக்கு எந்த வேலைக்கு லாயக்கு?

பதில் எழுது. மழுப்பினால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

அக்கா

கோலாலம்பூர்
9.8.1983

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாயா?

உன் கேள்வியில் என் வாய் நின்றுவிட்டது. இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டினேன். இப்போது சொல்கிறேன். போன வழியே திரும்பி வர அடுக்கு வேண்டும். காட்டுக்குள் போகும்போது திரும்புகிற இடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி வைத்தால், வரும்போது மேலே இருப்பதிலிருந்து எடுத்துப் பார்த்து வெளியே வந்துவிடலாம். நீ கேட்காவிட்டால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அடுத்தது வரிசை. இதன் விதி சின்னது. வருகிறவர் பின்னால் சேர வேண்டும். போகிறவர் முன்னாலிருந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது, கோத்த பட்டியல். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத்தாள். அதில் தனக்கு அடுத்தவர் யார் என்று எழுதியிருக்கும். யாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. ஆள் எங்கே இருந்தாலும் துண்டைப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சேரலாம்.

ஒரு பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு அதற்குப் புரோகிராம் எழுத வேண்டும். மொத்த மார்க்கில் பாதி இதற்குத்தான். நம் நிறுவைக் கொட்டகை வரிசையை எடுக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே எப்படி நிற்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது.

தம்பி நாகப்பன்

நாலாம் டிவிஷன்
21.8.1983

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

எல்லாரும் இருக்கிறோம். எண்ணெய் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், எண்ணெய்தான் தீர்கிறது.

நிறுவை வரிசை கேட்டாய். நாங்கள் நிற்பதில்லை, கூடைகள்தான் நிற்கும். கூடையை வைத்துவிட்டு ஆள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எனக்குப் பின்னால் யார் கூடை என்று தெரிந்தால் போதும். அதாவது நீ சொன்ன துண்டுத்தாள் எங்கள் தலைக்குள் இருக்கிறது.

ஆனால் கைப்பிள்ளைக்காரி வந்தால் முன்னால் விட்டுவிடுவோம். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பாலுக்கு அழும். இரண்டு கைப்பிள்ளைக்காரிகள் வந்தால் முதலில் வந்தவள் முதலில். அவர்களுக்குப் பிறகுதான் மற்றவர்கள். யாரும் முணுமுணுக்க மாட்டோம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவும் அப்படித்தான் எல்லாரையும் தாண்டி முன்னால் போனாள். நான் ஐந்து வயசில் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

நிறுவைச் சீட்டுகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் பின்னாலும் அடுத்தவள் பேரை எழுதி விளையாடிப் பார்த்தேன். கைப்பிள்ளைக்காரி தங்கம்மாவை நடுவில் நுழைக்க இரண்டு சீட்டில் மட்டும் பேரை மாற்றினால் போதும். மற்ற எவளும் இருந்த இடத்தைவிட்டு அசைய வேண்டாம். சரிதானே? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா, "என்னடி தனியா சிரிக்கிற?" என்றார்.

ஒரு கேள்வி. கைப்பிள்ளைக்காரிகள் வந்துகொண்டே இருந்தால் கடைசியில் நிற்கிற கூடைக்கு முறை எப்போது வரும்? இந்த மாசம் நம் லைன் வீடுகளில் மட்டும் ஆறு பிள்ளை பிறந்திருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அன்பு அக்கா

கோலாலம்பூர்
18.9.1983

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குத் தூக்கம்தான் குறைவு.

இரண்டு சீட்டு கணக்கு நூற்றுக்கு நூறு சரி! ராதாகிருஷ்ணனிடம் காட்டினேன். "ஒங்கக்காவயே கிளாசுக்கு அனுப்பியிருக்கலாம்லா" என்றான்.

நிறுவைக் கொட்டகையை அப்படியே புரோகிராமில் இறக்கிவிட்டேன். கைப்பிள்ளைக்காரி வந்தால் முன்னால் போவாள். இங்கே புரோகிராமின் ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று ஓட்டை போட்டு மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு அட்டை. அட்டைக் கட்டைக் கீழே போட்டு வரிசை கலைந்தால் தொலைந்தேன். அதனால் கட்டின் ஓரத்தில் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். கோடு நேராக இருந்தால் அட்டைகள் முறைப்படி இருக்கின்றன என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஓட்டித் தருவார்கள். அதனால் முதலில் தாளில் கட்டம் போட்டு, உன்னைப்போல ஒவ்வொரு படியாகக் கையாலேயே நகர்த்திப் பார்க்கிறேன். படிப்பது என்றால் இதுதான் என்று இப்போதுதான் புரிகிறது. போன வருஷம் நான் படிக்கவே இல்லை.

நேற்றுப் பிழை இல்லாமல் ஓடியது. நாளை கொடுக்கிறேன். இந்தத் தடவை தேறிவிடுவேன், அக்கா.

அன்புடன்,
நாகப்பன்

நாலாம் டிவிஷன்
2.10.1983

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூன்று நாளாக மூடுபனி. கொழுந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா சுகம்.

நம் கொட்டகை வரிசை கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்று தங்கம்மாவிடம் சொன்னேன். "எம் பேரும் உள்ள இருக்கா?" என்று கேட்கிறாள்.

ஒன்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உனக்கு எழுதாமல் யாருக்கு எழுத? போன ஞாயிறு காளியண்ணனின் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். வெற்றிலை பாக்கோடு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பாவுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் லைன் வீடு என் வேலைக்குக் கொடுத்தது. நான் கம்போங் ராஜாவுக்குப் போய்விட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு அப்பா எங்கே போவார்? "பையன் இந்தப் பரிச்ச பாசாயிட்டா கடைசி வருசத்துல டவுன்ல ரூம் எடுத்து என்னக் கூட்டிக்குவான். தை வரைக்கும் பொறுங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர்களும் சரி என்றார்கள். ஆகவே நீ நன்றாக எழுது. நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிக் கூடைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். பதிலைக் காணோம். மறந்துவிட்டாயா, வாய் நின்றுவிட்டதா?

அக்கா ருக்குமணி

கோலாலம்பூர்
20.11.1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தீபாவளிக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடு. பரீட்சை முடிந்தது. பரவாயில்லாமல் எழுதினேன். இங்கே வேலை அதிகம். அப்பாவைப் பார்த்துக்கொள்.

நாகப்பன்

நாலாம் டிவிஷன்
15.1.1984

தம்பி நாகப்பனுக்கு,

பொங்கல் வைத்தோம். நீ இல்லாமல் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நவம்பரில் நான்கு வரி எழுதினாய். அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. நான்கு வரியை அப்பாவுக்கு எவ்வளவு நேரம் படித்துக் காட்ட முடியும்? நானே சேர்த்துப் படித்தேன். பாஸ் ஆகிவிட்டாய் என்று படித்தேன். எழுதாததைப் படிப்பது பாவம் என்று தெரியும். ஆனால் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு போய் லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். கிரகரி கிராணி வீட்டிலிருந்து கேக் வந்தது.

தை பிறந்துவிட்டது. பரீட்சை முடிவையும் ரூம் விஷயத்தையும் நீ எழுதினால்தான் அப்பா அவர்களுக்கு வாக்குக் கொடுப்பார். காளியண்ணன் லோரியில் ஏறும்போது என்னைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்பதில்லை. அவர் அம்மாதான் கேட்கிறார்கள்.

கடைசிக் கூடைக்குப் பதிலும் எழுது. மூன்றாவது தடவை கேட்கிறேன்.

எதுவானாலும் எழுது, தம்பி. கெட்டதானாலும் எழுது.

அக்கா

சுங்கைவே
26.2.1984

அக்காவுக்கு,

நான் சுகம். ஹாஸ்டலிலிருந்து மாறி இங்கே நண்பர்களோடு இருக்கிறேன். விலாசம் பின்பக்கம். இடம் சின்னது, இன்னொருவரைத் தங்கவைக்க வசதி இல்லை. புத்தகங்களை வைக்கவும் இடம் இல்லாததால் பெட்டியில் கட்டி ராதாகிருஷ்ணனிடம் கொடுத்திருக்கிறேன். தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் போட்டுவிடுவான். எடுத்து மழைபடாமல் வை.

நாகப்பன்

நாலாம் டிவிஷன்
25.3.1984

தம்பிக்கு,

அப்பா இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

பெட்டியைத் தானா ராத்தாவிலிருந்து தூக்கி வந்தேன். படிக்கிறவன் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்ப மாட்டான் என்பதை வரும் வழியில் பஸ்ஸிலேயே நினைத்துவிட்டேன். திறக்கப் பயந்து இரண்டு நாள் பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

பாடப் புத்தகத்தின் நடுவில் பச்சைக் கோடு போட்ட நீளத் தாள் மடித்திருந்தது. உன் புரோகிராம். மேலே சிவப்பு மையில் ஐம்பதுக்குப் பதினான்கு. கீழே மலாயில் எழுதியிருக்கிறார்கள். நான் ஃபாரம் திரீ வரைதான் படித்தவள், ஆனாலும் அந்த மலாய் புரிந்தது. "இது வரிசை அல்ல. விதியை மீறியிருக்கிறீர். மீறுவதானால் ஒன்று கேட்கிறேன். முன்னால் ஆட்கள் நுழைந்துகொண்டே இருந்தால் கடைசியில் நிற்பவர் என்ன ஆவார்? இதற்கு உம்மிடம் பதில் இல்லை."

தம்பி, அதைப் படித்ததும் முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். யுனிவர்சிட்டி வாத்தியாரும் நானும் ஒரே கேள்வி கேட்டிருக்கிறோமே என்று. ஒரு நிமிஷம்தான். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். என் பேச்சைக் கேட்டுத்தான் கைப்பிள்ளைக்காரியை உள்ளே விட்டாய். நானே உனக்குக் குழி வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் கோபம் வந்தது. மூன்று தடவை கேட்டேனே. கேள்வி கேள், கேள் என்று சொல்லிவிட்டு, இந்தக் கேள்விக்கு ஒருமுறையாவது பதில் எழுதினாயா?

பதிலை நானே கண்டுபிடித்தேன். ஒவ்வொரு தடவை ஒருத்தியை முன்னால் விடும்போதும், காத்திருக்கிற கூடையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். மூன்று கோடு விழுந்துவிட்டால் அந்தக் கூடையை இனி யாரும் தாண்டக் கூடாது, கைப்பிள்ளைக்காரியானாலும். சீட்டுகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். யாரும் நின்றுபோகவில்லை. கிரகரி கிராணியிடம் சொன்னேன். "அட, ஒனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? கூடையத் தூக்கு" என்றார். பிறகு உன் புத்தகத்தைப் புரட்டினேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததில், ஒன்பதாம் பாடத்தில் இதே விஷயம் இருக்கிறதுபோலத் தெரிகிறது. அந்தப் பக்கங்களில் உன் பேனா பட்ட அடையாளமே இல்லை.

காளியண்ணனுக்குப் போன வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண்ணுக்கு ஊர் கியா பார்ம் பக்கம். லைனில் எல்லாரும் போய் வந்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது.

நீ எங்கே வேலை செய்கிறாய் என்பதையாவது எழுது.

அக்கா

சுங்கைவே
15.4.1984

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

இங்கே ஒரு ஃபேக்டரியில் ரேடியோவுக்குள் வைக்கிற பலகையில் ஈயம் பற்றவைக்கிறேன். டிசம்பரிலிருந்து. நவம்பர் பதினைந்தாம் தேதியே முடிவு தெரியும். பரவாயில்லாமல் எழுதினேன் என்று உனக்கு எழுதியபோது, யுனிவர்சிட்டியிலிருந்து என்னை நீக்கிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

நீ குழி வெட்டவில்லை. வருகிறவர் பின்னால் சேர வேண்டும் என்கிற விதியை உனக்கு எழுதினவனே நான்தான். மற்றவர்கள் சினிமா டிக்கெட் வரிசை, பஸ் வரிசை என்று எழுதினார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த வரிசை ஒன்றுதான். கைப்பிள்ளைக்காரியை விடாதது எனக்கு வரிசையாகவே தோன்றவில்லை. புத்தகத்தில் இப்படி இல்லையே என்று ஒருமுறை மனசு சொன்னது. சரிதான் போ என்று விட்டுவிட்டேன். உன் கேள்விக்குப் பதில் தேடியிருந்தால் ஒன்பதாம் பாடத்துக்குப் போயிருப்பேன், தப்பித்திருப்பேன். அடுக்கு எதற்கு என்று நீ கேட்டபோது இரண்டு நாள் தேடினவன், இதற்கு ஏன் தேடவில்லை? முன்னால் விடப்பட்டவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா. அதுதான் உண்மை.

உன் மூன்று கோட்டை எண்ணினேன். அம்மா போனதும் நான் பள்ளிக்கூடம் போக நீ நின்றாய், ஒன்று. அப்பாவுக்கு வீடு வேண்டும் என்று, நான் படிக்கப் போனதும் நீயே கூடையைத் தூக்கினாய், இரண்டு. மூன்றாவதை நான் எழுத வேண்டுமா? நவம்பரில் உண்மையை எழுதிவிட்டு வந்திருந்தால், எஸ்டேட்டில் பேர் கொடுத்து வீட்டை என் பேருக்கு மாற்றிக்கொண்டு அப்பாவோடு இருந்திருப்பேன். நீ தையில் கம்போங் ராஜா போயிருப்பாய். நான்கு வரிக்குப் பதில் ஐந்தாவதாக ஒரு வரி. அவமானத்தில் அதை எழுதவில்லை. உன்னைப்பற்றி நினைக்கக்கூட இல்லை.

கடைசிக் கூடைக்கு முறை எப்போது வரும் என்று கேட்டாய். வராது, அக்கா. அதுதான் பதில்.

நான் வரட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

நாகப்பன்

நாலாம் டிவிஷன்
6.5.1984

தம்பி நாகப்பனுக்கு,

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ஈயப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்கிறார்கள். வாயில் துணி கட்டிக்கொள்.

உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா முன்னால் உட்கார்ந்தேன். படி, படி என்றார். தம்பி சுகமாக இருக்கிறான், பாடம் கடினமாக இருக்கிறது, ஞாபகமாக உங்களைக் கேட்டிருக்கிறான் என்று படித்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு எழுதிருக்கான், நீ இம்புட்டுதான் படிக்கிற?" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. இனி என்னால் இட்டுக்கட்டிப் படிக்க முடியாது. நீ வந்து உன் வாயால் சொல்லு. கிராணியிடம் பேசிவிட்டேன். ஃபேக்டரியில் இலை வாட்டுகிற இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் என்னிடம் வந்து, "ருக்கு, சாப்பிட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதை நினைக்கும்போதெல்லாம் உன் நான்கு வரி ஞாபகம் வருகிறது. அது ஆற நாளாகும்.

ஆனால் நீ எழுதின பதில் தப்பு. முறை வராது என்கிறாய். வரும். நேற்று நல்ல வெயில். நான் கூடையை வைத்தபோது எனக்கு முன்னால் நான்கு கூடை. பிறகு தங்கம்மா, அப்புறம் வேறு மூன்று கைப்பிள்ளைக்காரிகள், அடுத்து அவசரம் என்று இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எல்லாரையும் விட்டேன். கடைசியில் என் கூடையைத் தராசில் வைத்தார்கள். கூடையைத் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. காத்திருந்ததில் இலை வாடி எடை குறைந்திருந்தது, கூலியும் எடைக்குத்தான். கிராணி முள்ளைப் பார்த்து என்ன காட்டியதோ அதை எழுதிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. இதை உன் வாத்தியாரும் கேட்கவில்லை, புத்தகத்திலும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

வரும்போது ஸ்வெட்டர் எடுத்து வா, குளிர் பழகியிருக்காது. புத்தகங்களை மட்டும் திருப்பிக் கேட்காதே. முதலிலிருந்து தொடங்கி நான்காம் பாடம் வரை வந்திருக்கிறேன், அகராதி ஒன்று வாங்கி வா. தெரியாத ஆளுக்குச் சொல்லிப் பார்த்தால்தான் தனக்குப் புரியும் என்று உன் தோழன் சொன்னானே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். சொல்வதற்குத்தான் இங்கே எனக்கு ஆள் இல்லை.

அக்கா ருக்குமணி